நீந்துபவரும் நிறுத்துபவரும்

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க விரும்புகிறவர் முதலில் ஒரு சான்று காட்ட வேண்டும். 16 டிகிரி செல்சியசைத் தாண்டாத நீரில், சாதாரண நீச்சலுடையோடு, 6 மணி நேரம் நீந்தியிருக்க வேண்டும். நெடுந்தூரக் கடல் நீச்சலுக்கான ஆயத்தங்களில் இவ்வளவு யோசித்து வகுக்கப்பட்டது வேறொன்று இல்லை என்பேன். வாரம் முழுக்கக் குளத்தில் நீந்தித் தள்ளுகிறவரையும் இது தயங்காமல் திருப்பி அனுப்பிவிடும்.

குளிர் ஆளைத் தாக்குவது இரண்டு கட்டங்களில். நீரில் இறங்கிய முதல் சில நிமிடங்களில் மூச்சு திணறும், நெஞ்சு படபடக்கும். ஐந்தாறு முறை குளிர்நீரில் சில நிமிடங்கள் இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி பெருமளவு அடங்கிவிடும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கும். அடுத்த கட்டத்துக்கு இப்படிச் சுலபமான மருந்து கிடையாது. மணிக்கணக்கில் உடலின் உட்சூடு மெல்ல இறங்கும், வீச்சு தளரும், உப்புநீர் குடித்த வயிறு படகிலிருந்து கயிறு கட்டி வீசும் மாவுச்சத்துக் கரைசலை ஏற்காமல் வெளியே தள்ளும். இவற்றை ஒருவர் தன் உடம்பிலேயே அனுபவித்து அறிவதற்கு 6 மணி நேரம் ஓரளவு போதும். 1875இல் முதன்முதலாகக் கால்வாயைக் கடந்த மேத்யூ வெப் கடற்பன்றி எண்ணெயைப் பூசிக்கொண்டு, வழியில் பிராந்தி குடித்துக்கொண்டு 21 மணி 45 நிமிடம் நீந்தினார். மது குளிரைப் போக்குவதாகத் தோன்றுமே தவிர, உண்மையில் உடற்சூட்டைத் தோல் வழியாக வெளியேற்றும். உடம்பில் பூசும் கொழுப்பும் தோல் உராய்ந்து புண்ணாவதைத் தடுக்கும் அளவுக்குக் குளிரைத் தடுப்பதில்லை. அந்தக் காலத்துக்கு இன்றைய சோதனை பெரிய முன்னேற்றம்.

குறையும் இல்லாமல் இல்லை. சுமார் 34 கிலோமீட்டர் கடலைக் கடக்கப் பெரும்பாலோருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சோதனையோ அதில் பாதியோடு நின்றுவிடுகிறது. டோவர் துறைமுகச் சுவருக்குள் பகலில் நீந்திப் பழகியவருக்கு வெளிக்கடலின் ஓதம், இருட்டு, துணைப்படகின் டீசல் புகை எதுவும் பரிச்சயமாகாது.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஆயத்த முறையை அப்படியே வேறு கடலுக்குக் கொண்டுபோவதில் இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பாக் நீரிணையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நீரின் வெப்பமோ 28 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கால்வாய்க்காரர்கள் குளிருக்கு அரணாக உடல் எடையைக் கூட்டிக்கொள்வது நியாயம். இங்கே அதே கொழுப்பு உட்சூட்டை வெளியே விடாது. நீருக்குள் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க வழியில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் தாகமும் சரியாக உறைக்காது. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். நீர் சுமார் 30 டிகிரி. அவருக்கு வயது 26. உலகத் தரத்து வீரர். அவர் மூழ்கியதை எவரும் கவனிக்கவில்லை. கூட நீந்தியவர்கள் கரையேறிய பிறகுதான் தேடல் தொடங்கியது. நீரின் வெப்பத்துக்கு 31 டிகிரி என்ற உச்சவரம்பு அதற்குப் பின்னர்தான் வந்தது.

அந்தச் சாவில் வெப்பத்தைவிட என்னை உறுத்துவது, பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இல்லாமல் போனது. கடல் நீச்சல் ஆயத்தம் என்றாலே நீந்துபவரின் தோளையும் நுரையீரலையும் மன உறுதியையும்தான் பேசுகிறோம். ‘விடாதே’ என்று சொல்லியே வளர்க்கிறோம். உட்சூடு அளவுக்கு மீறி இறங்கினாலும் ஏறினாலும் முதலில் மங்குவது புத்தி. வலியை மதிக்காமல் நீந்தப் பழகியவர், நிறுத்த வேண்டிய நேரத்தைக் கணிக்க எவரையும்விடத் தகுதி குறைந்தவராகிவிடுகிறார். அதனால்தான் கால்வாயில் படகோட்டிக்கும் மேற்பார்வையாளருக்கும் நீச்சலை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவர 51 மணி நேரத்தில் நீந்தியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் இறந்தார். ஒரு கடலில் காட்டிய தாக்குப்பிடிப்பை நம்பி இன்னொரு கடலில் கண்காணிப்பைத் தளர்த்த முடியாது.

பாக் நீரிணையில் நிறுத்துவதைக் கடினமாக்கும் காரணங்கள் இன்னும் அதிகம். டோவரில் அலையும் காற்றும் ஒத்துவரும் நாளுக்காக நாட்கணக்கில் காத்திருப்பார்கள். நீந்தாமலே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. இங்கே எல்லை தாண்டும் பயணம் என்பதால் இரு நாட்டு அனுமதியும் வேண்டும். அனுமதித் தேதிக்குக் காற்றும், நீவாடு என்று மீனவர்கள் சொல்லும் கடல் நீரோட்டமும் கட்டுப்படுமா? தேதி முடிவாகி, படகு அமர்த்தி, தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் கேமராக்களும் வந்து நின்றுவிட்டால், இன்று வேண்டாம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

நீந்துவது சிறுபிள்ளையாக இருந்தால் இது மேலும் கூர்மையாகிறது. 1988இல் தாமஸ் கிரிகரி என்ற சிறுவன் 11 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தான். பிற்பாடு அங்கே குறைந்தபட்ச வயதை 16 ஆக்கிவிட்டார்கள். அவன் சாதனையை முறியடிக்க முடியாமலே போயிற்று. 1994இல் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் பிறகு பாக் நீரிணையில் இன்னும் சிறியவர்களைத் தேடிய நம் ஆசையில்தான் சந்தேகம். எடையோடு ஒப்பிட்டால் சிறுவரின் தோற்பரப்பு பெரிது. உடல் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் குளிரும். படகில் இருப்பவர்களோ அப்பாவும் பயிற்சியாளரும். முடியவில்லை என்று பிள்ளை அவர்களிடம் சொல்லத் துணிய வேண்டும். நிறுத்து என்று அவர்கள், தங்கள் பல வருட உழைப்புக்கு எதிராகவே, சொல்ல வேண்டும்.

இதையும் பயிற்சியில் சேர்க்கலாம். நீந்துபவருக்கு வேண்டியவர் அல்லாத, நீவாடு அறிந்த ஒரு மீனவர் படகில் இருக்கட்டும். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு பயிற்சி நாளில், காரணம் சொல்லாமல் அவர் ‘ஏறு’ என்று கூப்பிடட்டும். எதிர்க்கேள்வி கேட்காமல் ஏறுகிறாரா என்பதைப் பயிற்சியாளர் குறித்துக்கொள்ளட்டும், 6 மணி நேரக் கணக்கைக் குறிக்கும் அதே நோட்டில்.