வாசலில் ஒரு பெண்

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு இளையராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். நியாயம்தான். ஆனால் அந்த ஊருக்குப் போனால் மலையையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அதே மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓடி, கம்பம், கூடலூர் தாண்டுகிற இடத்தில், உச்சியில் கண்ணகி கோயில் இருக்கிறது. இடிந்த கற்கோயில். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒருநாள்தான் பக்தர்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தெம்பு இருந்தால் பளியன்குடி வழியாக நடந்து ஏறலாம்.

அந்தப் பக்கத்துப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாண்டியராசா கெட்டவன் இல்ல தம்பி. தப்புன்னு தெரிஞ்சதும் உசுர விட்டுட்டான்ல? அவன் ராசாதேன்!"

இதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு ராஜா ஞாபகம் வந்தான். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் சோஃபக்ளீஸ் மேடையேற்றிய 'ஆன்டிகனி' நாடகத்தின் கிரியான். தீப்ஸ் நகரத்து அரசன்.

கதை சிம்பிள். அண்ணன் தம்பி இரண்டு பேர் சிம்மாசனத்துக்காகச் சண்டை போட்டு, ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு ராஜ மரியாதையோடு அடக்கம். படையெடுத்து வந்தவன் பிணத்தை நாய்க்கும் பறவைக்கும் போடச் சொல்கிறான் கிரியான். புதைத்தால் மரண தண்டனை. தங்கை ஆன்டிகனி துணிந்து மண்ணள்ளிப் போடுகிறாள். இதில் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற விஷயம் ஒன்று உண்டு. கிரியான் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமன்தான் அவளைக் கட்டிக்கொள்ள நிச்சயமானவன்.

கிரேக்கர்கள் 'ஹூப்ரிஸ்' என்றார்கள். கர்வம், அகந்தை என்று மொழிபெயர்க்கிறோம். அசல் அர்த்தம் இன்னும் கடுமை: நம் கை ஓங்கியிருக்கிறது என்பதற்காக இன்னொருத்தனை மிதித்து அவமானப்படுத்துவது. செத்தவனை மறுபடி தண்டிப்பது அதுதானே?

இப்போது இரண்டு அரண்மனை வாசல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தீப்ஸில் ஒரு காவலாளி சேதி சொல்ல வருகிறான். வருகிற வழியெல்லாம் நின்று நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தபடி வருகிறான். ராஜாவை நினைத்தால் அவனுக்கு உதறல். எதிர்பார்த்தபடியே, குற்றவாளியைப் பிடிக்காவிட்டால் உன்னைத் தொங்கவிடுவேன் என்கிறான் கிரியான். மதுரையிலும் ஒரு காவலாளி பயந்துகொண்டு ஓடி வருகிறான். ஆனால் அவனுக்குப் பயம் ராஜாவிடம் இல்லை. ஒற்றைச் சிலம்போடு வாசலில் நிற்கிற பெண்ணிடம். வந்தவள் கொற்றவையோ காளியோ என்று திகைத்துப் போய் விவரிக்கிறான். நெடுஞ்செழியன் சொல்வது, அவளை உள்ளே அழைத்து வா என்பதுதான்.

எந்த நாட்டிலும் காவலாளி யாருக்குப் பயப்படுகிறான் என்று பார்த்தால் ராஜாவின் லட்சணம் தெரிந்துவிடும்.

பாண்டியனும் முதலில் கிரியான் மாதிரிதான் பேசுகிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை, அதுதான் அரசநீதி என்று சட்டம் சொல்கிறான். ஆனால் கண்ணகி, என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றதும் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு, எங்களுடையது முத்து, கொண்டு வாருங்கள் அந்தச் சிலம்பை என்கிறான். சாட்சியத்தைச் சபையில் வைக்கச் சொல்கிறான். அங்கேதான் அவன் கிரியானிடமிருந்து பிரிகிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நானே கள்வன் என்று தீர்ப்பைத் தனக்கே எழுதிக்கொண்டு சாய்கிறான். கோப்பெருந்தேவியும் உயிர் விடுகிறாள். இளங்கோ ஊழ்வினையைக் காவியம் முழுக்கப் பேசுகிறார். பாண்டியன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை.

கிரியான்? ஊரே அந்தப் பெண்ணுக்காக அழுகிறது என்று மகன் சொல்கிறான். கேட்கவில்லை. கண் தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்தால், காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்கிறான். கடைசியில் மனசு மாறி ஓடும்போது ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். மகன் வாளில் பாய்ந்து சாகிறான். சேதி கேட்ட மனைவியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கிரியான் மட்டும் சாகவில்லை. அதுதான் சோஃபக்ளீஸ் கொடுக்கிற தண்டனை.

ஆக, கர்வம் என்பது காது சம்பந்தப்பட்ட வியாதி.

இதற்காகப் பாண்டியனுக்கு மாலை போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு ஊடலில் எழுந்து போன தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், வழியில் வந்து விழுந்த பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஒரே வாக்கியத்தில் ஒருவன் தலையை வாங்கினானே, அது? கண்ணகிக்குத் திறந்த கதவு கோவலனுக்குத் திறக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாணிக்கமா, முத்தா? அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சமிருக்கிற கால்வாசிக்குத்தான் மதுரை எரிந்தது.