கேட்ட பொழுதும் நின்ற இடமும்

நாடு முழுவதையும் வருத்திய ஒரு சாவினைப் பற்றி முதியோரை வினவினால், அவர்தம் விடை பெரும்பாலும் ஒரே வகையாகத் தொடங்குதலைக் காணலாம். இறந்தவர் பெருமையை அவர் முதற்கண் கூறார். செய்தி கேட்ட பொழுது தாம் நின்ற இடத்தையும், கையிலிருந்த வேலையையும், அதனைச் சொன்னவரையுமே கூறுவர். 1948 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30 ஆம் நாள் காந்தியடிகள் கொலையுண்ட செய்தியை நினைவுகூர்வோர் கூற்றுகளும் இத்தன்மையனவே. வரலாறு எழுதுவோர் இவற்றைச் சான்றாகக் கொள்வர். பிழை கண்டவிடத்துத் தள்ளுவர். இலக்கியம் பயில்வோர்க்கு இவற்றின்பால் வேறொரு கடமையும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்து எமக்கு நூல்வழித் தோன்றியதன்று. எம் பிழை ஒன்றன் வழித் தோன்றியது. எம் பாட்டியார் தஞ்சைப் பகுதியில் ஒரு சிற்றூரினர். அன்று அவர்க்கு வயது பதினாறு. விடியற்காலையில் வாயில் தெளித்துக் கோலமிட்டுக் கொண்டிருந்த பொழுது, பால் கறக்க வந்தவர் செய்தி சொன்னார் என்றும், கோலத்தைப் பாதியில் விட்டு எழுந்து உள்ளே சென்றதாகவும், அதே வேளையில் எதிர் வீட்டு வானொலியில் நேரு தழுதழுத்த குரலில் பேசியதாகவும் அவர் பன்முறை கூறியதுண்டு. கல்லூரி மாணாக்கராயிருந்த நாளில் ஒருமுறை யாம் இடைமறித்து, “சுட்டது மாலையில், பாட்டி, விடியற்காலையில் அன்று” என்று திருத்தினோம். அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்படியா?” என்றார். அதன்பின் அவர் இறக்குமளவும் அந்நிகழ்ச்சியை எம்மிடம் சொன்னதில்லை.

யாம் கூறியது உண்மையே. தில்லிப் பிர்லா மாளிகைத் தோட்டத்தில், வழிபாட்டுக் கூட்டத்திற்கு நடந்து செல்கையில், மாலை 5.17 மணியளவில் அடிகள் சுடப்பட்டார். மாலை 6 மணியளவில் அகில இந்திய வானொலி அதனை நாட்டிற்கு அறிவித்தது. நேருவின் வானொலி உரையும் அன்றிரவே நிகழ்ந்தது. ஆயினும் எம் திருத்தம் பொருந்தாத் திருத்தம் என்பதைப் பல ஆண்டு கழித்தே உணர்ந்தோம். வானொலி இல்லாத ஊர்க்குச் செய்தி மறுநாள் காலையிலன்றோ சென்று சேரும்? பாட்டியார் கூறியது கொலை நிகழ்ந்த பொழுதன்று. தம் வாயிலில் அது வந்து சேர்ந்த பொழுது. அவர் கூற்றில் பொருந்தாதது நேருவின் குரல் ஒன்றே. அது பின்னர் எங்கோ கேட்ட ஒலிப்பதிவாகலாம். கேட்டோர் வாய்க் கேட்டதாகலாம். நினைவு அதனைக் கொணர்ந்து கோலத்தின் அருகே வைத்துவிட்டது.

இவ்வாறு நினைவு இடம் மாற்றி வைத்தலை உளநூலார் நன்கு ஆராய்ந்துள்ளனர். 1899 இல் கோல்குரோவ் என்பார், அமெரிக்கத் தலைவர் லிங்கன் கொலையுண்ட செய்தியைக் கேட்ட பொழுது எங்கிருந்தீர் என 179 பேரை வினவினார். 1865 இல் நிகழ்ந்த அதனை முப்பது ஆண்டுகட்கு மேலாகியும் 127 பேர் இடமும் பொழுதும் விளங்கக் கூறினர். கோல்குரோவ் அவர்கள் விடைகளை மெய்யென்றே கொண்டார். ஒப்பிட்டு நோக்க அவர்க்கு வழியில்லை. அவ்வழியைக் கண்டவர் நைசர். 1986 இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாட் காலையிலேயே மாணாக்கரிடம் அவர் எழுத்துவடிவில் விடை வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டிற்கு மேலான பின்னர் அவர்களுள் 44 பேரை மீண்டும் வினவினார். 11 பேர் கூறியதில் இடம், பொழுது, சொன்னவர் எதுவுமே முதல் விடையோடு பொருந்தவில்லை. முற்றும் பொருந்தியவர் மூவரே. பிழைபடக் கூறியோரும் ஐயமின்றிக் கூறினர் என்பது கருதத்தக்கது.

ஆயின், இத்தகைய நினைவுகளைப் பொய்யென ஒதுக்குதல் தகுமோ? ஈண்டு நம் பண்டை இலக்கியம் துணை செய்கின்றது. இறந்தார்க்கு இரங்கும் கையறுநிலையைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையின் துறைகளுள் வைத்தார். புறநானூற்றின் துறைக்குறிப்புகள் அதனைப் பொதுவியலில் அடக்கும். பாரி மகளிர் பாடியதாக வழங்கும் 112 ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆயது. பாரியின் கொடையும் வீரமும் அதன்கண் புகழப்படவில்லை. சென்ற திங்களின் நிலவில் தமக்கு இருந்தவையும், இத்திங்களின் நிலவில் தாம் இழந்தவையும் மட்டுமே கூறப்படுகின்றன. குடவாயிற் கீரத்தனார் பாடிய 242 ஆம் பாட்டிலோ, பெருஞ்சாத்தன் இறந்தபின்னும் பூத்து நிற்கும் முல்லையை நோக்கிப் புலவர் வினவுகின்றார். நிலவும் முல்லையும் இறந்தவரைப் பற்றிய செய்திகளல்ல. எஞ்சி நின்றோர் கண்முன் இருந்த பொருள்கள். துயரம் தனக்குரிய சொற்களைப் பெறாதவிடத்து, அருகிலுள்ள பொருளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. பாதியில் விட்ட கோலமும் அத்தகையதே. புலவர் யாத்த பாட்டும் முதியோர் பேச்சும் ஒரு நிகரன என்று யாம் கூறவில்லை. இரண்டனுள்ளும் தொழிற்படும் நெறி ஒன்றே என்பதே எம் கருத்து.

இந்நெறியை அளவுகோலாகக் கொண்டு, அடிகளின் மறைவைக் கூறும் இரு புதினங்களை ஒப்பிடலாம். ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் இயற்றிய ‘மகாத்மாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் பொருள்படும் பெயருடைய புதினம் 1955 இல் வெளிவந்தது. அதன் தலைமக்களாகிய ஸ்ரீராமும் பாரதியும் தம் திருமணத்திற்கு வாழ்த்துப் பெறத் தில்லிக்குச் செல்கின்றனர். கொலை நிகழ்ந்த மாலையில் அங்கேயே இருக்கின்றனர். எங்கிருந்தீர் என்னும் வினாவிற்கு அவர்தம் விடை, ‘அவர் அருகிலேயே’ என்பதாகும். கதைக்கு அஃது ஏற்ற முடிவே. ஆயினும் நாட்டு மக்களுள் எத்துணைப் பேர் அத்தோட்டத்தில் இருந்தனர்? 1977 இல் வெளிவந்த அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ வேறு வழி செல்கின்றது. இந்திய ஒன்றியத்தில் இணையாத ஐதராபாத்து நாட்டில், செகந்திராபாத் நகரில் வாழும் சந்திரசேகரன் என்னும் மாணாக்கனிடம் அச்செய்தி தொலைவிலிருந்து வந்து சேர்கின்றது. அவன் எதனையும் கண்டவனல்லன், கேட்டவன். நாட்டில் ஏறக்குறைய எல்லாரும் கேட்டவரே ஆதலின், கேட்டவன் நிலையைக் காட்டும் இப்புதினமே பொதுமக்கள் பட்ட துயரின் உண்மைக்கு அணித்தாய் நிற்கின்றது என்று துணியலாம்.

மேலும், கண்டவர் கூற்றும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. அடிகளுக்குத் தோள் கொடுத்து நடந்து வந்த மநு காந்தி, அவர் இறுதியில் இராமன் பெயரைச் சொல்லக் கேட்டதாக எழுதினார். அடிகளின் செயலாளருள் ஒருவராய், அன்று சில அடித் தொலைவில் வந்த வெ. கல்யாணம், அத்தகைய சொல்லைத் தாம் கேட்கவில்லை என்று பிற்காலத்துக் கூறினார். அவர் 2021 இல் சென்னையில் மறைந்தார். சில அடி எல்லைக்குள் நின்ற இருவர் செவிகளே வேறுபடுமாயின், பல நூறு கல்லுக்கு அப்பால் கோலமிட்டவரிடம் பிழையின்மையை எதிர்பார்த்தல் முறையன்று.

எனினும், துயரத்தின்பாற் கொண்ட பரிவால் எல்லாப் பிழையையும் பொறுத்தல் வேண்டும் என்பார்க்கு யாம் உடன்படோம். அன்று மாலை, சுட்டவர் முசுலீம் என்னும் வதந்தி எழுந்தது. பிரிவினைக் கலவரத்தின் குருதி உலராத நாள்கள் அவை. கொலையாளி இந்து என்பதை வானொலி அறிவிப்பிலேயே தெளிவாகச் சொன்னமையால் பெருங்கேடு ஒன்று தடுக்கப்பட்டது. பின்னர், கொலையாளியின் குலம் தெரிந்த அளவில், மராத்தி பேசும் பகுதிகளில் அக்குலத்தார் பலர் வீடுகள் எரியூட்டப்பட்டன, குற்றமற்றோர் துன்புற்றனர். ஆகலின், பிழைகளையும் வகைப்படுத்தல் வேண்டும். தம் நிலையைப் பற்றிய பிழை ஒருவகை. பிறர்மேற் பழி சுமத்தும் பிழை மற்றொரு வகை. நேருவின் குரலைக் கோலத்தின் அருகே வைத்த நினைவால் எவர்க்கும் தீங்கில்லை. ‘இன்னார் கொன்றார்’, ‘இன்னார் மகிழ்ந்தார்’ என்று கூறும் நினைவையோ, ஓர் எழுத்தும் விடாது ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். முன்னதற்கு உரிய பொறுமையைப் பின்னதற்கும் நீட்டுதல் திறனாய்வாகாது.

1948 ஆம் ஆண்டினை நினைவிற் கொண்டோர் இன்று எண்பதைக் கடந்தவர். நாளும் குறைந்து வருபவர். அவர்தம் கூற்றுகளைத் தொகுக்கப் புகும் மாணாக்கர்க்கு மூன்று நெறிகளைக் கூற விழைகின்றோம். முதலாவது, நிகழ்ச்சியின் பொழுதையும் செய்தி சேர்ந்த பொழுதையும் வேறு பிரித்து எழுதுக. இரண்டாவது, செய்தி எவ்வழி வந்தது என்பதை வினவுக. பால்காரர், அஞ்சல்காரர், ஒரு நாட் பிந்திய செய்தித்தாள் ஆகிய இவையும் அந்நாளைய தமிழ்நாட்டின் வரலாறே. மூன்றாவது, கூறுவோர் கூறி முடிக்குமளவும் திருத்தாதிருங்கள். ஒப்பு நோக்கலும் குறை காண்டலும் ஏட்டில் நிகழ்க, முற்றத்தில் வேண்டா.

இம்மூன்றனுள் இறுதி நெறியை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். பாட்டியார் அக்கோலத்தைப் பின்னர் முடித்தாரா, பாதியிலேயே விட்டாரா என்பது எமக்குத் தெரியாது. வினவியிருந்தால் அவர் கூறியிருப்பார். யாம் அன்று வினவவில்லை, திருத்தினோம்.