மூலமும் திருத்தமும்: பறத்தல் பாவனை விளையாட்டுகளில் பயனர் அமைக்கும் நிலக்காட்சி

ஆய்வுச்சுருக்கம்

ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் பறத்தல் பாவனை விளையாட்டுகளில் நிறுவனம் தரும் உலகைப் பயனர்கள் திருத்தியும் நீக்கியும் புதுக்கியும் வருகின்றனர். இச்செயலை அலங்கரிப்பாகக் கொள்ளாமல், இடத்தைப் பற்றிய விமர்சனமாகக் கொள்ள இயலும் என்பதையும் அவ்விமர்சனத்தின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பறத்தல் பாவனை, நிலக்காட்சி, தானியங்கிக் கட்டடங்கள், கை டாக், நினைவு.

முன்னுரை

1979இல் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்கு உருவாக்கிய பறத்தல் பாவனையில் நிலம் என்பது சில கோடுகளே. 2020இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வான்வழிப் படங்களைக் கொண்டு ஏறத்தாழ 150 கோடி கட்டடங்களைத் தானே எழுப்பியது. கோடுகளின் காலத்தில் பயனர் இல்லாததைச் சேர்த்தார். இன்றோ இருப்பதை மறுக்க வேண்டியவராகிறார். இம்மாற்றமே இங்கு ஆய்வுக்குரியது.

தானியங்கி உலகின் பிழைகள்

தானியங்கிக் கட்டடம் ஊகத்தின் விளைவு. மேலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். சுவரையோ வாயிலையோ பயன்பாட்டையோ காட்டாது. 2020ஆம் ஆண்டு வெளியீட்டில் இலண்டனின் பக்கிங்காம் அரண்மனை ஓர் அலுவலகக் கட்டடம்போல் தோன்றியமை இதற்குச் சான்று. மெல்போர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கோபுரம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் 2 என இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 212 எனப் பதிந்திருந்தார். அப்பிழை பின்னர் அங்குத் திருத்தப்பட்டது. எனினும் விளையாட்டு பழைய படியையே கையாண்டது. ஏடெழுதுவோர் பிழை படிதோறும் தொடர்வதை இது ஒத்துள்ளது.

இவ்விரண்டும் கண்ணில் படும் பிழைகள். பெயர் பெற்ற இடத்திலோ வியப்பூட்டும் உருவிலோ அமைந்தமையால் அறியப்பட்டன. கண்ணில் படாத பிழையே பெரிது. எக்ஸ்-பிளேன் 10 வட அமெரிக்கப் புறநகர் வீடுகளையே உலகெங்கும் பரப்பியது. ஓர் ஊரின் வீடு மற்றோர் ஊரின் வீடாகக் காட்டப்படும்போது அவ்வூர் நீக்கப்படுவதில்லை. ஆனால் அடையாளம் இழக்கிறது.

அடுக்கும் உரிமையும்

திருத்தும் முறையும் நோக்கத்தக்கது. எக்ஸ்-பிளேனில் பயனரின் நிலக்காட்சித் தொகுப்புகள் ஒரு பட்டியற்கோப்பில் வரிசைப்படுகின்றன. மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். மைக்ரோசாஃப்ட் விளையாட்டில் ஒரு பரப்பைச் சுற்றிப் பலகோண எல்லை வரைந்து, அதனுள் தானியங்கிக் கட்டடங்களை விலக்கி, புதிய உருவை நிறுத்தலாம். இரு முறைகளிலும் மூலம் அழிவதில்லை. தொகுப்பை எடுத்துவிட்டால் பழைய நகரம் மீளும். ஆகவே பயனரின் திருத்தம் மூலத்தின்மேல் அமையும் ஒரு பாடமே. எந்தப் பாடம் மேலே நிற்பது என்பதை ஒவ்வொரு பயனரும் தாமே முடிவுசெய்கிறார்.

மறைந்த நிலையங்கள்

சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்டு விமான நிலையம் மைக்ரோசாஃப்ட் வரிசையில் நெடுங்காலம் பறத்தலின் தொடக்க இடமாக இருந்தது. 2003 மார்ச் இறுதியில், மேயரின் ஆணையால் ஓர் இரவில் அதன் ஓடுபாதை இயந்திரங்களால் சிதைக்கப்பட்டது. பயனர்கள் அதைத் திரையில் மீண்டும் அமைத்தனர். அங்கு ஒருநாளும் கால்வைக்காதவர்க்கும் அது முதன்முதல் வானேறிய இடம். எனவே இம்மீட்பு நிலத்தின் நினைவன்று, விளையாட்டின் நினைவு.

ஹாங்காங்கின் கை டாக் நிலையம் இதினும் கடினமான சான்று. 1998 சூலையில் அது மூடப்பட்டது. அதன் 13ஆம் ஓடுபாதையை அணுகும் விமானம், குன்றின்மேல் தீட்டப்பட்ட கட்டங்களை நோக்கி வந்து, குடியிருப்புகளுக்குமேல் தாழ்ந்து, ஏறத்தாழ 47 பாகை வலப்புறம் திரும்ப வேண்டும். ஓடுபாதையை மட்டும் மீட்பதால் பயனில்லை. கூரைகள் இல்லையேல் அத்திருப்பத்திற்குப் பொருளில்லை. இன்றைய வான்படமோ அங்குக் கப்பல் முனையத்தையும் புதிய குடியிருப்புகளையும் காட்டுகிறது. எனவே மீட்பவர் முதலில் இன்றைய நகரை விலக்கியாக வேண்டும்.

இங்குக் காலவரையறை இன்றியமையாததாகிறது. அண்மையிலிருந்த கௌலூன் மதிற்கோட்டைக் குடியிருப்பு 1994க்குள் இடிக்கப்பட்டுவிட்டது. நிலையத்தின் இறுதி ஆண்டை அமைப்பவர் அதைச் சேர்த்தால் காலமயக்கம் நேரும். சேர்க்காவிடில், விமானங்களின் பேரொலிக்குக் கீழ் நெருங்கி வாழ்ந்த ஒரு மக்கட்பரப்பு காட்சியில் இடம்பெறாது. எந்த ஆண்டை மீட்பது என்னும் தெரிவே எவரை நினைப்பது என்னும் தெரிவாகிவிடுகிறது.

மீட்பின் எல்லை

இம்மீட்புகள் விமானியின் பார்வைக்கு உட்பட்டவை. கௌலூன் வீடுகள் அதில் உயரத்தடைகளாகவே நிற்கின்றன. அங்கு உறங்க முயன்றவரின் இரவு திரைக்கு வருவதில்லை. மேலும் திருத்தம் ஆர்வலர் இருக்கும் இடத்திற்கே செல்கிறது. பெருநகர நிலையத்திற்குப் பல பாடங்கள் அமைய, நிலையமற்ற சிற்றூர் தானியங்கி உருவிலேயே எஞ்சுகிறது. பொறியின் ஊகத்தை மறுக்கும் பயனரும் அதன் பாராமுகத்தைத் தொடர்பவராகலாம்.

முடிவுரை

பயனர் அமைக்கும் நிலக்காட்சி, உலகைத் தானே வரைந்துவிட்டதாகக் கூறும் பொறிக்கு எதிரான மறுப்புரை என்பது பெறப்படுகிறது. அம்மறுப்பின் தகுதியைக் கட்டட உருவின் நுட்பம் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. எந்த ஆண்டு, எவருடைய பார்வை, எது விலக்கப்பட்டது என்னும் மூன்றையும் தொகுப்பை அமைப்பவர் அதனுடனேயே குறித்து வைப்பாராயின், அது விளையாட்டுப் பொருள் என்னும் நிலையிலிருந்து ஆவணம் என்னும் நிலைக்கு உயரும்.