சின்னத்திரையின் மருத்துவமனை

தமிழ்த் திரையில் மருத்துவமனைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அறுவைக் கூடத்தின் வாயிலில் சிவப்பு விளக்கு எரியும். உறவினர் சுவரில் சாய்ந்து நிற்பர். விளக்கு அணைந்ததும் மருத்துவர் வெளியே வருவார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் துக்கச் செய்தி, கழற்றாவிட்டால் நல்ல செய்தி. இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே எதையும் சொல்ல முடியும் என்பார் அவர். அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் மருத்துவத்தைவிடக் கோவிலுக்கே அதிக வேலை இருக்கும். மயங்கி விழும் பெண்ணின் நாடியைத் தொட்ட மாத்திரத்தில் அவள் தாயாகப் போகும் செய்தி வெளிப்படும். தலையில் அடிபட்டவர் நினைவை இழப்பார். இன்னொரு முறை அடிபட்டதும் நினைவு திரும்பும். தலைமுறை தலைமுறையாக இவ்விலக்கணத்தை நாம் கற்று வந்திருக்கிறோம். திரையரங்கில் எப்போதாவது கண்ட இக்காட்சி, தொலைக்காட்சித் தொடர்களின் வழியே நாள்தோறும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

'இது கதைதானே, இதில் என்ன கெட்டுப் போகிறது?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். நாடகம் என்பது சுருக்கத்தின் கலை. ஆறு மாத நோயை அரை மணி நேரத்தில் சொல்பவர் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும். எனவே 'எதை விட்டார்கள்?' என்று கேட்பதைக் காட்டிலும், விட்டதன் விளைவாகப் பார்ப்பவர் மனத்தில் என்ன நம்பிக்கை விதைக்கப்பட்டது என்று கேட்பதே திறனாய்வின் கடமை.

இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கு 1994ஆம் ஆண்டு தொடங்கிய 'இ.ஆர்.' என்னும் மருத்துவமனைத் தொடர் பெரும் புகழ் பெற்றது. அதையும் அக்காலத்து வேறு இரு நிகழ்ச்சிகளையும் மருத்துவ ஆய்வாளர் சிலர் கூர்ந்து நோக்கினர். நின்றுபோன இதயத்தை மார்பழுத்தம் முதலிய வழிகளில் மீண்டும் இயக்க முயலும் காட்சிகள் அறுபது கிடைத்தன. அவற்றில் 75 விழுக்காட்டினர் உடனடியாக உயிர் மீண்டனர். 67 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்புவதாகவே தோன்றியது. 1996இல் இம்முடிவுகள் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியாயின. மெய்யான மருத்துவமனைகளிலோ அவ்வாறு வீடு திரும்புவோர் ஒரு சிறு பகுதியினரே. மேலும், திரையில் இதயம் நின்றவருள் பெரும்பாலோர் குழந்தைகளும் இளைஞர்களும். வாழ்வில் அவர்களுள் பெரும்பாலோர் நெடுநாள் நோயுற்ற முதியோர். நம் திரையில் வரும் இன்னொரு வழக்கமான காட்சியையும் இங்கே சொல்லலாம். கருவியில் அலை நேர்கோடானதும் மின்னதிர்ச்சி தந்து உயிர்ப்பிப்பார்கள். ஒழுங்கின்றி நடுங்கும் இதயத்துக்கே அந்த அதிர்ச்சி பயன்படும். முற்றாக ஓய்ந்து நேர்கோடான இதயத்துக்குப் பயன்படாது.

அண்மைக் காலத் தொடர்களில் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 2014இல் ஜீ தமிழில் அமலா மருத்துவராக நடித்த 'உயிர்மெய்' மருத்துவமனையையே களமாகக் கொண்டது. 2024இல் ஹாட்ஸ்டார் வழியே வந்த 'ஹார்ட் பீட்' சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களைச் சுற்றிச் சுழல்கிறது. கருவிகள், உடைகள், கலைச்சொற்கள் ஆகியவற்றில் பழைய தொடர்களில் காணாத அக்கறையை இவற்றில் காண்கிறோம். ஆயினும் 'ஹார்ட் பீட்' கதையின் அச்சு, தன்னைப் பிரிந்த தாய் பணியாற்றும் மருத்துவமனைக்கே மகள் மருத்துவராக வந்து சேர்வதுதான். குடும்பத் தொடர் வெள்ளை அங்கி அணிந்து வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. நோயாளர் வருகிறார், மருத்துவரின் மனப் போராட்டத்துக்கு ஓர் உவமையாகப் பயன்படுகிறார், போய்விடுகிறார்.

கருவி சரியாக இருப்பதால் மட்டும் காட்சி உண்மையாகிவிடாது. திரையின் மருத்துவமனையை நான்கு கேள்விகளால் அளக்கலாம் என்பது என் கருத்து. அங்கே யாருடைய நோய் வருகிறது? எவ்வளவு காலம் ஆகிறது? யார் பணம் கொடுக்கிறார்? உடன் இருப்பவர் யார்?

முதலில் நோய். திரையின் நோய்கள் பெரும்பாலும் நகரத்து வசதிபடைத்தோர் நோய்கள்: மூளைக் கட்டி, நினைவிழப்பு, அரிய வகை இரத்தம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அவசரப் பிரிவுக்கு வருவதோ வேறு. கரும்புத் தோட்டத்திலும் மணிலாக் கொல்லையிலும் பாம்பு தீண்டியவர், பூச்சிமருந்து குடித்த இளைஞர், திருச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவர், சர்க்கரை நோயால் கால் புண்ணாகிப் போன பாட்டி. பாம்புக்கடி என்றால் கதாநாயகன் வாயால் நஞ்சை உறிஞ்சித் துப்புவதைத்தான் திரையில் கண்டிருக்கிறோம். அது பயனற்றது, தீங்கும் கூட. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகச் செய்யப்படும் மருந்தே உயிர் காப்பது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருவோருள் முதன்மையானவர், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். நம் பகுதியிலும் வாழும் எளிய மக்களாகிய இருளரின் அறிவு நாடெங்கும் உயிர் காக்கிறது. எத்தகைய கதை இது! எந்தத் தொடரும் இதைத் தொடவில்லையே.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பலர் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் பார்வையைப் பறிக்கும், இரத்தத்தை அமிலமாக்கும். இரத்தச் சுத்திகரிப்பு வேண்டிவரும். ஒரே ஊரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மனிதர் வரும் அந்த இரவுகளில் பணிபுரிந்தோரைக் காட்டிலும் நாடகத் தன்மை வாய்ந்த பாத்திரங்களை எங்கே தேடுவது?

இரண்டாவது காலம். 2010இல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது நம் மாவட்டத்துக்குப் பெரும் பேறு. ஜிப்மரோ 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் கொண்டது. இவ்விரண்டையும் நாடிச் செல்வோருக்கு மருத்துவமனை என்பது முதலாவதாகக் காத்திருப்பு. விடியுமுன் பேருந்து ஏறுதல், புறநோயாளர் சீட்டுக்கு வரிசை, பரிசோதனைக்கு வரிசை, 'நாளை வாருங்கள்' என்ற சொல். திரையில் காத்திருப்பு என்பது ஒரு பாடலின் நீளம். அதனால்தான், உண்மையில் காத்திருக்க நேரும்போது அதை அலட்சியமென்று மட்டுமே நம்மால் பொருள் கொள்ள முடிகிறது. சில வேளைகளில் அது அலட்சியமாகவும் இருக்கலாம்; ஆனால் பல வேளைகளில் ஒரு மருத்துவருக்கு முன் இருக்கும் நீண்ட வரிசையே காரணம்.

மூன்றாவது பணம். 'ரமணா' (2002) திரைப்படத்தில் இறந்தவர் உடலுக்குச் சிகிச்சை செய்வதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் காட்சி மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. மருத்துவமனைக் கணக்கு என்றால் அது வில்லனின் சூழ்ச்சி என்று திரை சொல்லித் தந்தது. ஆனால் நேர்மையான மருத்துவமனையிலும் நோய்க்கு விலை உண்டு; அதைத் திரை காட்டுவதில்லை. தாலிச் சங்கிலி அடகுக்குப் போவதும், உடனிருப்பவர் கூலி இழப்பதும், காப்பீட்டு அட்டைக்கு அலைவதும் எங்கே? 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. இச்செய்தியை ஒரு தொடர் தன் கதைப்போக்கில் சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பயனடைந்திருக்கும்.

நல்ல சமாரியர் உவமையை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. லூக்கா அக்கதையை உணர்ச்சிக் காட்சியோடு முடித்துவிடவில்லை. எண்ணெயும் மதுவும் வார்த்துக் காயம் கட்டியது, தம் விலங்கின் மேல் ஏற்றியது, சாவடிக்குக் கொண்டு சென்றது, அன்றிரவு உடனிருந்தது, மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தது, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னது என எல்லாம் வரிசையாக வருகின்றன. ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. மருந்து, வண்டி, இரவு, கணக்கு, மறுவருகை என எதையும் விடாத இந்தச் சிறுகதையின் எதார்த்தம் நம் நூறு பகுதித் தொடர்களில் இல்லை.

நான்காவது உடனிருப்போர். திரையில் செவிலியர் தட்டேந்தி வரும் நிழல். துப்புரவுப் பணியாளர் இல்லவே இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் தாக்கப்பட்டு உணர்விழந்த செவிலியர் அருணா ஷான்பாக், 2015இல் இறக்கும் வரை 42 ஆண்டுகள் அங்கேயே சக செவிலியரால் பேணப்பட்டார். கருணைக்கொலை குறித்த 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அப்பணியைப் போற்றியது. திரையின் 'கோமா' நோயாளி கலையாத தலையோடு உறங்கி, கதாநாயகியின் கண்ணீர்த் துளி பட்டதும் விழிப்பார். மெய்யான நினைவிழப்பில் நாள்தோறும் ஒருவர் உடலைத் துடைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குழாய்வழி உணவு தர வேண்டும். அன்பின் முகம் அதுதான், கண்ணீர்த் துளியன்று.

உண்மையைக் காட்டினால் சுவை குன்றிவிடும் என்பதும் சரியன்று. 2018இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா நோயைப் பற்றி ஆஷிக் அபு இயக்கிய மலையாளப் படம் 'வைரஸ்' (2019). நோயாளருக்குத் தொண்டாற்றி உயிர்நீத்த செவிலியரும், பணி நிரந்தரமின்றி உழைக்கும் கடைநிலை ஊழியரும் அதில் முழு மனிதர்களாக வருகின்றனர். பார்ப்பவர் இருக்கை நுனியில்தான் அமர்ந்திருக்கிறார். நம்மிடமும் முன்னோடி உண்டு. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மருத்துவ அறிவில் குறையுடையதே. ஆயினும் ஒரு மருத்துவமனையின் சுவர்களுக்குள்ளேயே நிகழும் அக்கதையில், நோயாளியாகிய கணவரின் அருகே தேவிகா ஏற்ற மனைவி பாத்திரம் படும் பாடு, நோயாளியைவிட உடனிருப்பவர் அதிகம் நோகக்கூடும் என்பதை உணர்ந்தே எழுதப்பட்டது.

இது வெறும் கலைச் சிக்கல் அன்று. மருத்துவர்களும் பணியாளர்களும் தாக்கப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், புற்றுநோயாளி ஒருவரின் மகன் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். இக்கொடுமைக்குத் தொடர்களே காரணம் என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆள் பற்றாக்குறை, பேச நேரமின்மை, பணச்சுமை, துயரம் என்று காரணங்கள் பல. ஆனால் 'நல்ல மருத்துவர் என்றால் காப்பாற்றியே தீருவார்' என்ற பாடத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டு வளர்ந்த சமூகத்தில், ஒவ்வொரு சாவும் ஒரு குற்றமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இறக்கும் தறுவாயில் உள்ள தாத்தாவை அமைதியாக வீட்டுக்குக் கொண்டு செல்லலாம் என்று மருத்துவர் சொன்னால் 'கைவிட்டுட்டாங்க' என்கிறோம். நோயில் பூசுதலுக்குக் குருவை அழைத்தால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்று அஞ்சி, நினைவு தப்பிய பிறகே சொல்லி அனுப்புகிறோம். குணமாக்கல் ஒன்றே மருத்துவம், மற்றவை தோல்வி என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. வலி தணித்தலும் உடனிருத்தலும் மருத்துவத்தின் பகுதிகளே என்று திரை ஒருமுறையேனும் சொல்லியாக வேண்டும்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் கேட்பவர் இலர். பார்க்கும்போது இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அன்பியக் கூட்டங்களிலும் இளைஞர் இயக்கங்களிலும் ஒரு பகுதியைச் சேர்ந்து பார்த்து உரையாடலாம். நம் பங்குகளில் செவிலியராகப் பணியாற்றும் பெண்கள் பலர் உள்ளனர். அவர்களை அழைத்து, திரையில் கண்டது எவ்வளவு உண்மை என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு, எந்தத் தொடரிலும் வராத தங்கள் இரவுப் பணியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். அதைக் கேட்க நமக்கு நேரம் இருக்கட்டும்.