அசன்பேயும் மடுல்கெல்லவும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றம் பற்றிப் பேசுவோர் 1885ஆம் ஆண்டைத் தவிர்த்துச் செல்லவியலாது. கண்டியிலே புறக்டராகத் தொழில் புரிந்தவரும், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவருமான சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) தோன்றி அப்போது ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. அவர் முன்சீப், இவர் புறக்டர். தமிழ் நாவலுக்குத் தொட்டில் கட்டிய இடம் நீதிமன்ற வாசல் போலும்!

எகிப்திய உயர்குடிக் குழந்தையொன்று கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது, கல்கத்தா செல்கிறது, ஈற்றில் தன் பிறப்பை அறிந்து உரியவரோடு சேர்கிறது. இக்கதையில் இலங்கை எங்கே என்று விமர்சகர் கேட்டு வந்துள்ளனர். வினா நியாயமானதே. கண்டியிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது மடுல்கெல்ல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கோப்பி பயிரிட்ட மலைப்பிரதேசம் அது. கோப்பியை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த அந்நாளில், 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. மறு ஆண்டிலே நாவல் வருகிறது. கண்டியில் வழக்காடிய ஒருவர் இவற்றை அறியாதிருந்தார் எனக் கொள்ளுதல் அரிது. தோட்டம் தமிழ் எழுத்துக்கும் புதிதன்று. 1869இலேயே ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்துவிட்டது. அது துரைமாரின் பக்கம் சாய்ந்த நூல் என்பது வேறு விடயம்.

அறிந்தும் எழுதாமைக்குக் காரணம் வாசகரிடத்தே உளது. பத்திரிகை நடத்துபவன் தன் வாசகரை முகமறிந்து எழுதுகிறான். சித்திலெப்பையின் வாசகர், ஆங்கிலக் கல்வியை ஐயத்தோடு நோக்கி ஒதுங்கியிருந்த முஸ்லிம் மக்கள். 1883இல் எகிப்தியத் தலைவர் அராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்தபோது அவர்களது பார்வை கெய்ரோவை நோக்கித் திரும்பியது. 1884இல் கொழும்பில் எழுந்த பாடசாலைக்கும் அடுத்த ஆண்டின் நாவலுக்கும் நோக்கம் ஒன்றே. பாடசாலையின் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, எகிப்துக் கதை கற்பனை உல்லாசம் அன்று என்பது புலனாகும். மண்வாசனை என்ற ஒரே அளவுகோலால் இந்நூலை அளந்தோர் இதனைக் காணத் தவறினர்.

கதையின் கருவோ வழக்கறிஞனின் கரு. இவன் யார், யாருக்குப் பிறந்தவன், அதனை எவ்வாறு நிறுவுவது என்பதே நாவலை நடத்திச் செல்கிறது. இலங்கைச் சோனகர் எவ்வினத்தினர் என்ற விவாதம் சூடுபிடித்த காலம் அது. பொன்னம்பலம் இராமநாதன் அதுபற்றிய கட்டுரையை 1888இல் முன்வைத்தார். தன் குலத்தை அறியாது வளரும் அசன், அந்த வாசகருக்கு அந்நியனாக இருந்திருக்கமாட்டான்.

இங்கேதான் சித்திலெப்பை மீதான உண்மையான குறை எழுகின்றது. மடுல்கெல்லவை அவர் வருணிக்கவில்லை என்பதன்று அக்குறை. பிறப்பை நிறுவவேண்டிய மனிதனைக் கதையாக்கியவர், அத்தகையோர் தமது ஊருக்கு அருகிலேயே பல்லாயிரவராகத் திரண்டிருந்ததைக் கதைப்பொருளாகக் கருதவில்லை. உயர்குடிப் பிள்ளை தொலைந்தால் அது சரித்திரம். கங்காணியின் பின்னே வந்தவனின் பிள்ளை தொலைந்தால் அது பதிவேட்டில் ஓர் எண். வேதநாயகரும் இதற்கு விலக்கானவரல்லர். அக்கால நாவல் கதாநாயகனை மேற்குடியிலேயே தேடிற்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பை, அன்றேல் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பை, இந்நாட்டில் நிகழ்ந்ததாக நிறுவுமாறு கேட்டபோது, அசனின் சிக்கல் தோட்ட லயங்களுக்குள் புகுந்தது. அவனுக்கு வாய்த்தது போன்ற இறுதி அத்தியாயம் அங்கே வாய்க்கவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.