விடை சரி, வினா எங்கே?

இணையவழியாக அமெரிக்க அரசாங்கம் பற்றிய அறிமுகப் பாடநெறியைப் பயிலும் கல்லூரி மாணவனுக்குப் பெரும் பேறொன்று வாய்த்துள்ளது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட பாடநூலை அவன் விலையின்றிப் பெறலாம். அறிவைப் பணத்தின் பிடியிலிருந்து மீட்கும் இம்முயற்சி போற்றற்குரியது.

ஆனால், நூல் இலவசமானதால் மட்டும் கல்வி விடுதலை பெற்றுவிடாது. மாநிலமொன்றுக்குச் செனற்றர்கள் எத்தனை பேர் என்று கணினி திருத்தும் பல்தேர்வு வினா கேட்கும். 'இருவர்' என்றால் புள்ளி கிடைக்கும். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கலிபோர்ணியாவில் ஏறத்தாழ 395 இலட்சம் மக்கள். வயோமிங்கிலோ 6 இலட்சம் பேருமில்லை. இரண்டுக்கும் இருவரே என்பது நீதியா? 1787இல் வரையப்பட்ட அரசியல் யாப்பு, பிரதிநிதிகள் சபையின் ஆசனப் பங்கீட்டில் அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டது. வாக்கில்லாத அவ்வடிமைகளின் தலைக்கணக்கால் பலம் பெற்ற வர்க்கம் எது? இவ்வினாக்களுக்குக் கணினி புள்ளியிடாது. ஆசிரியரோடும் சக மாணவரோடும் வாதிட்டே விடை காணவேண்டும்.

இணையத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அரசின் உறுப்புகளை எண்ணக் கற்பிப்பதோடு நில்லாது, அவ்வரசு யாருடையது என்று கேட்கவும் கற்பிக்கும்போதே அது அரசியற் கல்வியாகும்.