ஆதரவை அளக்கும் வினாத்தாள்

சுற்றத்தாரின் ஆதரவு நெருக்கடியில் இருப்பவரை நோயினின்று காக்கக்கூடும் என்று 1976-இல் ஜான் கேசலும் சிட்னி காப்பும் தனித்தனியே எழுதிய பின்னர், செவிலியர் அனுபவத்தில் அறிந்திருந்த அவ்விஷயத்தை எண்ணாக்கிக் காட்டும் வினாத்தாள்கள் பல தோன்றின. அவற்றுள் இன்று பெருவழக்காயிருப்பது 1988-இல் கிரிகரி ஜிமெட் குழுவினர் வெளியிட்டது. குடும்பம், நண்பர், நெருக்கமான ஒருவர் என மூவகை ஆதரவைப் பற்றி 12 வாக்கியங்களும், ஒவ்வொன்றுக்கும் 7 படிகளும் கொண்ட அத்தாளைச் சில நிமிஷங்களில் முடித்துவிடலாம். அதனினும் பெரிய குணம், வந்த உதவியை எண்ணாமல், உதவி உண்டென்ற நம்பிக்கையை அது கேட்பது. வீடு நிறைய ஆளிருந்தும் நாதியற்றவளாய் உணரும் பெண்ணை வேறெப்படிக் கண்டறிவது?

ஆனால் அது முதலில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவரிடம் சோதிக்கப்பட்டது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமமொன்றில், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்த மருமகளிடம், மாமியார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கையில் அதையே வாசித்தால், "எல்லாரும் நல்லாத்தான் பார்த்துக்கிடுதாக" என்பதன்றி வேறென்ன பதில் வரும்? பன்னிரண்டும் ஆதரவு உண்டென்றே கூறும் வாக்கியங்களாதலால், மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையசைத்தாலும், விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அளக்கும் கிரான்பாக் ஆல்ஃபா என்னும் எண் உயர்ந்தே நிற்கும். அந்த உயர்வைக் கண்டு கருவி நம்பகமானதென்று ஆய்வேடுகள் மகிழ்வது விநோதம்.

கரிசல் காட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மானாவாரி வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் கைமாற்றுக் கேட்பவளும் கொடுக்க வேண்டியவளும் ஒருசேர வெறுங்கையாய் நிற்பதால், மாசியில் மகசூல் வீடு சேர்ந்தபின் கேட்ட கேள்விக்கும் ஆவணியில் கேட்ட கேள்விக்கும் ஒரே விடை கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும் இங்கே உதவி ஒருவழிப் பாதையன்று; பெற்றதைத் திருப்பிச் செய்யவேண்டுமென்பதற்காகவே மொய் நோட்டு எழுதுகிறோம். செய்முறைக் கடன் கழுத்தை நெரிப்பவளுக்குச் சுற்றம் பெரிதாயிருப்பதே பாரம்.

இந்த வகையில் செவிலியர்கள் தாமே அமைத்த பழைய கருவிகள் மேலானவை. 1981-இல் ஜேன் நார்பெக் அமைத்த தாள், வேண்டியவர்களைப் பெயர் பெயராய்ப் பட்டியலிடச் செய்து, அவசரத்துக்குச் சிறு தொகை தருவார்களா, வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் உதவுவார்களா என்று ஆள்வாரியாகக் கேட்பதோடு, சென்ற ஓராண்டில் இழந்த உறவையும் விசாரிக்கிறது. அதே ஆண்டில் பிராண்ட், வைனெர்ட் என்னும் இருவர் அமைத்த தாளோ, பிறரைப் பேணும் வாய்ப்பையும் ஆதரவின் ஓர் அங்கமாகவே கொண்டது. இவை நீளமானவை, நேரம் பிடிப்பவை என்பது மெய்யே. எனினும் சுருக்கத்தை முன்னிட்டு இவற்றைக் கைவிட்டது நஷ்டமென்பதே என் அபிப்பிராயம்.

கரிசல் கிராமங்களுக்கு ஆய்வு செய்யப் புறப்படும் செவிலிய மாணவியர், பன்னிரண்டு வாக்கியங்களைத் தொடுமுன் பெயர்ப் பட்டியலை வாங்கி, "நீ யாருக்கு என்ன செய்தாய்" என்பதையும் கேட்டு, கேட்ட மாதத்தையும் அருகில் இருந்தவர் யாரென்பதையும் தாளின் தலைப்பிலேயே குறித்துக்கொள்வார்களாக.